மேற்பார்வையாளர் வெளிநாடு சென்றுவிட்டபடியால்

பிஜியின் தலைநகர் சுவாவில் ஒரு பல்கலைக்கழகம். அதில் உடற்பயிற்சி அறிவியல் என்று ஒரு துறை. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள், வழக்கை நடத்த வக்கீல் யாராவது நாட்டில் மிச்சம் இருந்தால்.

அந்தத் துறையில் பட்டம் வாங்க மூன்று வருடம் படித்தால் மட்டும் போதாது. நூற்று நாற்பது மணி நேரம் உண்மையான நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும். அதை ஓர் அங்கீகரிக்கப்பட்ட மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குக் களப்பயிற்சி என்று பெயர். இதை நடத்த ஒரு வாரியம். வாரியத்துக்கு எழுபத்திரண்டு விதிகள். அவற்றில் அறுபத்தொன்பது விதிகள் எந்த நிறச் சட்டை போட வேண்டும், எந்த நிற மையில் எழுத வேண்டும் என்பது போன்றவை. மிச்சம் மூன்றுதான் ஆளைக் கொல்பவை.

முதல் விதி, நூற்று நாற்பது மணி நேரத்தையும் ஒரே மேற்பார்வையாளரின் கீழ் முடிக்க வேண்டும். இரண்டாவது, அந்த மேற்பார்வையாளர் கையெழுத்திடும் நிமிடத்தில் பிஜி மண்ணில் இருக்க வேண்டும். மூன்றாவது, அவர் நடுவில் நாட்டை விட்டுப் போய்விட்டால் அதுவரை செய்த மணி நேரங்கள் பூஜ்ஜியம். புதிதாக வருகிறவர் தன் கண்ணால் பார்க்காததற்கு எப்படிப் பொறுப்பேற்பார் என்பது வாரியத்தின் கேள்வி. நியாயமான கேள்வி. வேறு எந்த நாட்டிலும் இந்த மூன்றாவது விதி புத்தகத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பிஜியில் அதற்கு ஓய்வே கிடையாது. எண்பத்தேழில் இரண்டு ஆட்சிக் கவிழ்ப்பு, இரண்டாயிரத்தில் ஒன்று என்று பார்த்துவிட்ட ஜனங்கள், வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, விசா விண்ணப்பம் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள்.

தவுவாவிலிருந்து வந்த ரவீனேஷுக்கு இதெல்லாம் தெரியாது. கரும்பு விவசாயி அப்பலசாமியின் ஒரே மகன். அப்பலசாமிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டபோது, தவுவாவில் நடைப்பயிற்சி சொல்லித்தந்துகொண்டிருந்த ஒரே ஆள் பிரிஸ்பேனுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கரும்பு விவசாயிகள் கமிட்டி கட்டிய மறுவாழ்வு மையம் அன்று பூட்டியதுதான். சர்க்கரை விளைவிக்கிற ஊர். வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. கால் வீங்கியவர்களும் விரல் போனவர்களும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்பலசாமி கட்டிலிலிருந்து வாசல் வரை வர மகனின் தோள் வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில்தான் ரவீனேஷ் இந்தப் படிப்பில் சேர்ந்தான். கமிட்டியும் ஒரு வாக்குக் கொடுத்தது. இரண்டாயிரத்து ஏழு டிசம்பருக்குள் பட்டத்தோடு வந்தால் சாவி அவனுக்கு. வராவிட்டால் கட்டடம் உர மூட்டை அடுக்கும் கிடங்காகிவிடும்.

களப்பயிற்சித் தொடக்க விழாவில் வாரியத்தின் இயக்குநர் டாக்டர் ஜிதேந்திரா பேசினார்.

"மாணவர்களே! இந்தத் துறை தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அறுபத்தொரு பேர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அந்த அறுபத்தொரு பேரில் இன்று பிஜியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா?" இந்த இடத்தில் அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "ஒருவர்கூட இல்லை! நூற்றுக்கு நூறு! உலகத்தில் வேறெந்தத் துறை இப்படிச் சாதித்திருக்கிறது? பிஜி மக்களின் ஆரோக்கியமே நம் லட்சியம். அந்த மக்கள் எந்த நாட்டில் இருந்தால் என்ன?"

பலத்த கைதட்டல். கைதட்டிய மேற்பார்வையாளர்கள் எல்லோரும் வெளிநாட்டில் படித்துவிட்டு, ஏதோ கெட்ட நேரத்தில் திரும்பி வந்து மாட்டிக்கொண்டவர்கள். அந்தக் கைதட்டலில் ஒரு ஏக்கம் இருந்தது.

பிறகு படிவம் கொடுத்தார்கள். பதினான்காவது கேள்வி, 'பட்டம் பெற்றபின் குடியேற உத்தேசித்துள்ள நாடு.' கீழே நான்கு கட்டங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா. ரவீனேஷ் நான்கையும் படித்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் 'பிஜி' என்று எழுதிக் கொடுத்தான். அலுவலகத்தில் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் வந்தனா அவனைக் கூப்பிட்டாள். இருவரும் பேசியது பிஜி ஹிந்தியில். நம் வசதிக்குத் தமிழில் தருகிறேன்; தீதி என்றால் அக்கா.

"என்னா இது?"

"நான் இங்கியேதான் இருக்கப் போறேன், தீதி. தவுவால."

"இருக்கிறது சரி. போறது எங்கே?"

"எங்கியும் போவல."

வந்தனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். உடம்புக்கு ஏதாவது கோளாறா, விசா மெடிக்கலில் தோற்றவனா என்று யோசித்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் பிஜின்னு போட்டா எடுத்துக்காது. இப்போ காலியா விடு, கடைசியில பாத்துக்கலாம்" என்றாள். நல்ல மனசு அவளுக்கு. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் அது வேறெங்கும் தென்படவில்லை.

முதல் மேற்பார்வையாளர் ராஜேந்திரா. சுவாவில் அவருடைய பயிற்சிக்கூடச் சுவரில் இரண்டடி எழுத்தில் '140/90-க்குக் கீழே!' என்று எழுதியிருந்தது. அங்கே வந்த நோயாளிகள் எல்லோரும் விசா மெடிக்கலுக்குப் பிரஷர் இறக்க வந்தவர்கள். பிரஷர் இறங்கிய மறுநாள் காணாமல் போவார்கள். ராஜேந்திரா சுவரில் ஓர் உலகப் படம் மாட்டி, குணமானவர்கள் இருக்கும் இடத்தில் ஊசி குத்தி வைத்திருந்தார். சிட்னியில் ஊசி குத்த இடமில்லை.

ஒருநாள் மார்க்கெட்டில் கீரை விற்கும் பெண் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எந்த நாட்டுக்கு?" என்று கேட்டார் ராஜேந்திரா.

"மார்க்கெட்டுக்கு, சார். படி ஏற முடியல."

ராஜேந்திரா படிவத்தைப் புரட்டினார். படிவத்தில் மார்க்கெட் இல்லை. ரவீனேஷ் அவளைச் சுவரோரம் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி சொல்லிக்கொடுத்தான். மூன்று வாரத்தில் படி ஏறினாள். அவளுக்காகப் படத்தில் யாரும் ஊசி குத்தவில்லை.

தொண்ணூற்றாறு மணி நேரம் ஆகியிருந்தபோது இரண்டாயிரத்து ஆறு டிசம்பர் ஐந்தாம் தேதி வந்தது. சிப்பாய்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசாங்கம் வீட்டுக்குப் போனது. வாரியம் அன்று மாலையே சுற்றறிக்கை விட்டது. 'நாட்டில் ஏற்பட்டுள்ள மாற்றத்தினால் களப்பயிற்சி பாதிக்கப்படாது. மாணவர்கள் வழக்கம்போல் நீல மையையே பயன்படுத்தவும்.' ராஜேந்திரா மட்டும் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. அவர் தன் பெயருக்கு ஒரு ஊசியைப் பெர்த் நகரத்தில் குத்திவிட்டுக் கிறிஸ்துமசுக்கு முன் விமானம் ஏறிவிட்டார். வழியனுப்பு விழாவில் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஊற்றினார்கள். மாலை வாங்கிவந்து போடுவது களப்பயிற்சி மாணவனின் கடமை என்று அன்றுதான் ரவீனேஷுக்குத் தெரிந்தது. முப்பத்தேழாவது விதி.

ஜனவரியில் கடிதம் வந்தது. 'தங்கள் மேற்பார்வையாளர் வெளிநாடு சென்றுவிட்டபடியால், தங்கள் மணி நேரங்கள் பூஜ்ஜியம் எனக் கணக்கிடப்படுகின்றன. வாழ்த்துகள்.' வாழ்த்து எதற்கு என்று வந்தனாவிடம் கேட்டான். எல்லாக் கடிதத்திலும் அது தானாக வரும் என்றாள்.

விடுமுறை முடிந்து பஸ்ஸில் சுவா திரும்பும்போது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சார்ஜென்ட் ஒருவர், கதவளவு அகலம், ஒவ்வொருவரிடமும் தொழில் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உடற்பயிற்சி அறிவியல், சார்."

"அப்படியா? எனக்குத் தெரியாத உடற்பயிற்சியா? இருபது தடவை உட்கார்ந்து எழு."

ரவீனேஷ் செய்தான். எண்ணிக்கொண்டே தானும் ஒரு தடவை உட்கார்ந்து காட்டிய சார்ஜென்ட் எழும்போது முகத்தைச் சுளித்தார். வலது முழங்கால். ரவீனேஷுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், பாரத்த குதிகால்ல போடுங்க. முட்டி உள்ள சாயுது" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சார்ஜென்ட் அவனை முறைத்துவிட்டு, குதிகாலில் பாரம் போட்டு எழுந்து பார்த்தார். மறுபடி எழுந்து பார்த்தார். பிறகு நின்றிருந்த ஆறு சிப்பாய்களையும் வரிசையில் நிறுத்தினார். முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. கடைசியில் "வினாக்கா, பையா" என்று நன்றி சொல்லி அவன் கையைக் குலுக்கி, களப்பயிற்சி விஷயம் தெரிந்ததும் அவன் மணி நேரம் குறிக்கும் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வாரியம் இதை இரண்டு கூட்டங்களில் விவாதித்தது. டாக்டர் ஜிதேந்திரா உருக்கமாகப் பேசியதாகக் கேள்வி. "இவர் நாட்டில் வசிக்கிறார். நாட்டை விட்டுப் போகும் எண்ணம் இல்லாதவர். சொன்னால் நோயாளிகள் மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள். இப்படி ஒரு மேற்பார்வையாளர் நமக்கு இதுவரை கிடைத்ததில்லை." ஆனால் சார்ஜென்டிடம் பட்டமும் இல்லை, பட்டத்துக்குப் பதிலாக வாரியம் ஏற்கும் பிரிஸ்பேன் மாநாட்டுச் சான்றிதழும் இல்லை. முப்பத்தைந்து நிமிடமும் பூஜ்ஜியம்.

அடுத்தவர் பர்வீன். கெட்டிக்காரி, கண்டிப்பானவள், நிஜமாகவே பக்கத்தில் நின்று பார்ப்பவள். ரவீனேஷ் அவளிடம் நிறையக் கற்றுக்கொண்டான். நூற்று இருபத்தொன்றாவது மணி நேரத்தில் அவளுக்கும் மாலை வாங்க வேண்டி வந்தது. விழாவில் அவள் கண் கலங்கப் பேசினாள். "நான் எனக்காகப் போகல. பிள்ளைகளோட எதிர்காலத்துக்காகத்தான் டொராண்டோ போறேன்." அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பதை அந்த இடத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பாதிப் பேர் அதே பேச்சைத் தங்கள் விழாவுக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

மறுபடி கடிதம். மறுபடி வாழ்த்துகள்.

அப்பலசாமி தொலைபேசியில் கேட்டார். அப்பா தமிழில் கேட்பார், மகன் ஹிந்தியில் பதில் சொல்வான். இருவருக்கும் அது போதும்.

"என்னாடா பேட்டா, முடிஞ்சிதா?"

"நை, பா. ஃபிர் ஸே."

மறுபடி முதலிலிருந்து என்று அர்த்தம். அந்த வருடத்தில் அப்பலசாமி மிக அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். "செரி. கமிட்டிக்காரன் ஒர மூட்டைக்கு எடம் அளந்துட்டுப் போனான். நீ அதயெல்லாம் நெனைக்காதே, பேட்டா" என்றார். ரவீனேஷ் அன்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை அவன் புத்தியோடு தேடினான். யாருக்கு விசா கிடைக்கவே கிடைக்காதோ அவரே தன் மேற்பார்வையாளர் என்று முடிவு செய்தான். அப்படிக் கிடைத்தவர்தான் ஜாவேத் பாய். நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வோட்டுவாலேவுவில், வீட்டு கராஜிலேயே சின்னதாக ஒரு சிகிச்சைக் கூடம். வயது அறுபத்து மூன்று. நியூசிலாந்திலிருக்கும் மகள் ஏழு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெடிக்கலில் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"என் பிரஷர் நூத்தி எழுபத்தஞ்சு, பேட்டா" என்றார் ஜாவேத் பாய், பெருமையாக. "எந்த நாட்டுக்காரனும் என்னய எடுக்க மாட்டான். நீ தைரியமா செய்."

ரவீனேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நம்பகமான பிரஷரை அவன் பார்த்ததில்லை.

அங்கே அவனுக்குக் கிடைத்த நோயாளி பாலசுப்பிரமணி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நெஞ்சு அறுவை செய்துகொண்டவர், வீட்டு வேலியைத் தாண்டப் பயந்தவர். பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று தேசத்தில். எங்கும் போகிற உத்தேசம் அவருக்கும் இல்லை. ரவீனேஷ் அவரை முதலில் வேலி வரை, பிறகு கடை வரை, பிறகு மெயின் ரோடு வரை நடத்தினான். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் தெருவே அண்ணாந்து பார்க்கும். பாலசுப்பிரமணி மட்டும் தன் காலைப் பார்த்து நடந்தார், அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான்.

ஜாவேத் பாய் விதிப்படி பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தார். அவர்கள் நடந்தால் அவரும் நடந்தார். அவர்கள் கையைத் தூக்கினால் அவரும் தூக்கினார். உப்பைக் குறையுங்கள் என்று ரவீனேஷ் பாலசுப்பிரமணியிடம் சொன்னால், உள்ளேயிருந்து ஜாவேத் பாயின் மனைவி ஸாஹிதா "கேட்டுக்குங்க, கேட்டுக்குங்க" என்பாள். நான்கு மாதம். ரவீனேஷ் நோயாளியின் பிரஷரை வாரம் தவறாமல் பார்த்தான். மேற்பார்வையாளரின் பிரஷரைப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபரில் ஒருநாள் ஸாஹிதா கராஜுக்கு லட்டுத் தட்டோடு வந்தாள். "நூத்தி இருபத்தெட்டு! டாக்டர் ரெண்டு தரம் பாத்தாரு, மெஷின் கெட்டுப்போச்சான்னு. மெடிக்கல் பாஸ்! ஒன்னாலதான், ரவீனேஷ். அல்லா ஒன்ன நல்லா வெச்சிருக்கட்டும்."

ரவீனேஷ் லட்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றான். மூன்று வருடத்தில் அவன் முழுசாகக் குணப்படுத்திய நோயாளி இவர்தான். ஜாவேத் பாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "மாப் கரோ, பேட்டா. நான் வேணும்னு செய்யல" என்றார்.

டிக்கெட் நவம்பர் பதினாறு. ஓட்டமாக ஓடி மணி நேரம் சேர்த்தார்கள். ஆனால் ஒரு நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் கணக்கில் வராது என்று ஒரு விதி, ஞாயிற்றுக்கிழமை வராது என்று ஒரு விதி, நடுவில் ஒரு புயல் எச்சரிக்கை. பதினைந்தாம் தேதி மாலை பதிவுப் புத்தகத்தில் இருந்தது நூற்று முப்பத்தொன்பது மணி இருபது நிமிடம். நாற்பது நிமிடம் குறைச்சல். மறுநாள் காலை விமானம்.

"ஏர்போர்ட்டுக்கு வா" என்றார் ஜாவேத் பாய். "லைன்ல எப்படியும் ரெண்டு மணி நேரம் நிக்கணும். இமிக்ரேசன் கவுண்டரு தாண்டற வரைக்கும் நான் பிஜியிலதானே இருக்கேன்? பாலாவையும் கூட்டிட்டு வா."

வழியனுப்ப ஒரு பஸ் நிறைய ஆள் வந்திருந்தார்கள். மாலைகள், அழுகை, புகைப்படம். வரிசைக்கு ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றையொட்டி ரவீனேஷ் பாலசுப்பிரமணியை நடத்தத் தொடங்கினான். தூண் வரை போய்த் திரும்புவது. ஜாவேத் பாய் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் நாலு மாலையோடு, கண்ணை எடுக்காமல் மேற்பார்வை செய்தார். கைக்கடிகாரத்தில் நேரம் ஓடியது.

அன்றைக்கென்று பார்த்து வரிசை பறந்தது. போகிறவர்கள் கூட்டம் தாங்காமல் விமானக் கம்பெனி இரண்டு கவுண்டர்களைக் கூடுதலாகத் திறந்திருந்தது. இந்த நாட்டில் என்றைக்காவது ஒரு வரிசை வேகமாக நகர்ந்திருக்கிறதா? தபால் ஆபீசில்? ஆஸ்பத்திரியில்? வெளியே போகிறவர்களுக்கு மட்டும் நகர்ந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் ஜாவேத் பாய்க்கு முன்னால் நாலே பேர்.

"நீங்க முன்னாடி போங்க" என்று பின்னால் நின்ற குடும்பத்தை விட்டார். அடுத்த குடும்பத்தையும் விட்டார். 

"ஏழு வருசம்!" என்றாள் ஸாஹிதா. "ஏழு வருசமா நான் இந்த நாளுக்குக் காத்திருக்கேன். நீங்க ஊர்ல இருக்கிறவங்களயெல்லாம் மொதல்ல அனுப்பிட்டு, நாம கடைசியா போய்க் கதவச் சாத்தணுமா?"

"பையன் படிப்பு, ஸாஹிதா."

"தெரியும். எனக்குச் சொல்லித் தர வேணாம்."

பின்னால் யாருமில்லை. முப்பதாவது நிமிடம். கவுண்டரில் இருந்த பெண் கையசைத்தாள். பெட்டி போய்விட்டால் அடுத்தது இமிக்ரேசன், அங்கே ரவீனேஷும் பாலசுப்பிரமணியும் நுழைய முடியாது. பெட்டியை எடையில் வைத்தார்கள். ஐந்து கிலோ அதிகம். எல்லோரும் செய்வதுபோல ஸாஹிதாவும் மாங்காய் ஊறுகாய், மசாலாப் பொட்டலம், மகளுக்கு உலர்ந்த மீன் என்று அமுக்கி வைத்திருந்தாள்.

"ஐந்து கிலோ பரவாயில்லை, ஆன்ட்டி, விட்டுவிடுகிறேன்" என்றாள் கவுண்டர் பெண்.

ஸாஹிதா திரும்பித் தூணைப் பார்த்தாள். பாலசுப்பிரமணி வியர்வை வழிய நடந்து வந்துகொண்டிருந்தார். ரவீனேஷ் பக்கத்தில் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அதெப்படிம்மா? சட்டம்னா சட்டம்" என்றாள் ஸாஹிதா. பெட்டியை இறக்கி, தரையில் உட்கார்ந்து, பூட்டைத் திறந்தாள். ஊறுகாய்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மூடியைத் திருகிப் பார்த்தாள். மறுபடி உள்ளே வைத்தாள். மீன் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள். கவுண்டர் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எட்டு நிமிடம் ஒன்பது நிமிடமாக ஆனது.

நாற்பது. பாலசுப்பிரமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஜாவேத் பாய் திறந்த பெட்டியின் மேல் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீல மை. குறிப்பு எழுதும் இடத்தில் 'இவன் நல்லவன்' என்று எழுதினார். வாரியம் கேட்டிருந்தது 'திருப்திகரம்' அல்லது 'திருப்தியில்லை' என்பதில் ஒன்று. நல்லவேளையாக அதற்கு விதி போட மறந்திருந்தார்கள். பிறகு அவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த நிமிடம் பிரஷர் பார்த்திருந்தால் அவருக்கு விசாவே ரத்தாகியிருக்கும்.

ரவீனேஷ் புத்தகத்தோடு சுவாவுக்கு ஓடினான். டாக்டர் ஜிதேந்திரா அவனைத் தழுவிக்கொண்டார். "விடாமுயற்சி! இதைத்தான் நாங்கள் வளர்க்கிறோம். மேற்பார்வையாளர்கள் போகவில்லையென்றால் உனக்கு இது எப்படி வந்திருக்கும்?" என்றார்.

வாரியம் கூடிப் புத்தகத்தை ஏற்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு வந்தனா கம்ப்யூட்டரில் எல்லாம் அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "பதினாலாவது கேள்வி காலியா இருக்கு. அது இல்லாம சர்டிபிகேட் பிரிண்ட் ஆவாது."

"தீதி, நான் தவுவாலதான் ..."

"தெரியும்டா. இந்த மெஷினுக்குத் தெரியாதே. ஏதோ ஒண்ண அமுக்கு. யார் வந்து பாக்கப் போறாங்க?"

டிசம்பர் முடிய ஒன்பது நாள் இருந்தது. உர மூட்டை லாரி அவன் கண்ணுக்குள் நின்றது. நியூசிலாந்தை அமுக்கினான். சர்டிபிகேட் சூடாக வெளியே வந்தது. டாக்டர் ஜிதேந்திரா அவனுக்கும் ஒரு மாலை போட்டு, "அறுபத்திரண்டாவது!" என்றார்.

மையம் திறந்தது. அப்பலசாமி முதல் நோயாளி. நாலு மாதத்தில் அவர் கட்டிலிலிருந்து வாசலுக்கு மகன் தோள் இல்லாமல் வந்தார். வாசலில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு "செரி, இனி ஒரு டீ போடு" என்றார். ரவீனேஷ் டீ போடப் போனவன் அடுப்படியில் நின்று அழுதான். ஊரில் கால் வீங்கியவர்களும் விரல் போனவர்களும் பூட்டில்லாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் ஷீனல் என்று ஒரு மாணவி களப்பயிற்சிக்கு வந்தாள். தவுவாவில் ஒரு மேற்பார்வையாளர் எங்கும் போகாமல் இருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு வந்தவள். நூற்று நாற்பது மணி நேரமும் ஒரே மூச்சில் முடித்தாள். ரவீனேஷ் நீல மையில் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஷீனல் பிரித்து, உரக்கப் படித்தாள்.

"'தங்கள் மேற்பார்வையாளர் ரவீனேஷ் அப்பலசாமி நியூசிலாந்து சென்றுவிட்டபடியால், தங்கள் மணி நேரங்கள் பூஜ்ஜியம் எனக் கணக்கிடப்படுகின்றன. மேலும், நாட்டில் வசிக்கும் நிபுணர் இல்லாதபடியால் தவுவா மையம் முப்பது நாளில் மூடப்படும். வாழ்த்துகள்.'"

படித்துவிட்டு அவள் ரவீனேஷைப் பார்த்தாள். அப்பலசாமி கம்பியைப் பிடித்தபடி பார்த்தார். அவனே ஒரு தடவை தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் இருவரும் சுவா போனார்கள். டாக்டர் ஜிதேந்திரா இல்லை. வான்கூவர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய நாற்காலியில், பொறுப்பு இயக்குநராக, வந்தனா.

"அரே, ரவீனேஷ்! எப்படி இருக்கே?"

"தீதி, நான் இங்க இருக்கேன்."

"பாக்கறேனே."

"அப்போ எழுதிக் குடுங்க, இருக்கேன்னு."

வந்தனா கோப்பைத் திறந்தாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். "நீ இருக்கறது எனக்குத் தெரியும். பைலுக்குத் தெரியணுமே. பைல்ல நீ போயிட்டே. போன ஆளு திரும்பி வந்தா, வந்ததுக்கு அத்தாட்சி வேணும். பாஸ்போர்ட்ல உள்ள வந்த முத்திரை. அது இருந்தா இன்னிக்கே ஷீனலுக்கும் ஒன் மையத்துக்கும் சரி பண்ணிடுவேன்."

"நான் போவவே இல்லியே, தீதி. எங்கிட்ட பாஸ்போர்ட்டே கெடையாது."

"அதான் கஷ்டம்" என்றாள் வந்தனா. "ஒரு தடவ போயிட்டு வந்துடேன். எல்லாரும் போறாங்க."

ஷீனல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரவீனேஷ் அவள் கையைத் தட்டி அடக்கிவிட்டு எழுந்தான். இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. பாஸ்போர்ட் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. இரண்டு மணி நேரம் நின்று படிவம் வாங்கினான். பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதினான். கடைசியில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கோடு இருந்தது.

ரவீனேஷ் நீல மையில் எழுதினான்: திரும்பி வருவது.